ஈயம் இல்லாத பனியைத் தேடி: கிளேர் பாட்டர்சனின் துருவ ஆய்வு

1960களின் நடுவில் அமெரிக்க வண்டிகள் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் காரீயத்தை, சுருக்கமாக ஈயத்தை, பெட்ரோலோடு சேர்த்து எரித்துக்கொண்டிருந்தன. பெரும்பகுதி புகையோடு வெளியே போனது. அது எங்கே போய்ச் சேர்கிறது, யாரை என்ன செய்கிறது என்று கேட்டால் தொழில்துறையின் பதில் தயாராக இருந்தது: காற்றிலும் மண்ணிலும் மனித ரத்தத்திலும் ஈயம் எப்போதுமே இருந்ததுதான், உடம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும், பயப்பட ஒன்றுமில்லை. இந்தப் பதிலை மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை. வண்டிகள் வருவதற்கு முன்னால் காற்றில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லையே.

அந்த ஆதாரம் கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனியாக உறைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து, நம்பத்தக்க முறையில் அளந்து காட்டியவர் கால்டெக் என்று அழைக்கப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் புவிவேதியியலாளர் கிளேர் பாட்டர்சன். ஜப்பானியரான முரோசுமி, ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த சோ ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் 1969-ல் வெளியிட்ட கட்டுரைதான் இந்த ஆய்வின் மையம். துருவப் பகுதிகளின் காற்று மாசு பற்றி எத்தனையோ நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் மாசை அளக்கப் போகிறவர் முதலில் தன் கையில் இருக்கும் மாசை அளந்தாக வேண்டும் என்பதை இந்த அளவுக்குக் காட்டிய வேறொன்றை நான் படித்ததில்லை.

பாறையில் தொடங்கிய தொல்லை

பாட்டர்சன் 1922-ல் ஐயோவா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தார். போர் முடிந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, ஹாரிசன் பிரவுன் என்ற பேராசிரியர் அவரிடமும் ஜார்ஜ் டில்டன் என்ற இன்னொரு மாணவரிடமும் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். சிர்க்கான் என்ற கனிமத்தின் நுண்துகளில் இருக்கும் யுரேனியத்தை டில்டன் அளக்க வேண்டும். அந்த யுரேனியம் சிதைந்து உண்டான ஈயத்தைப் பாட்டர்சன் அளக்க வேண்டும். இரண்டும் தெரிந்தால் பாறையின் வயது வந்துவிடும்.

டில்டனின் எண்கள் ஒழுங்காக வந்தன. பாட்டர்சனின் ஈயம் மட்டும் இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகமாக வந்தது, அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு அளவாக. காரணத்தைத் தேடியபோது எங்கும் ஈயம் இருப்பது தெரிந்தது. குழாய்த் தண்ணீர், கண்ணாடிக் குடுவை, அமிலங்கள், சுவரின் பெயின்ட், மேஜைத் தூசு, அவருடைய சொந்தத் தலைமுடி என எல்லாவற்றிலிருந்தும் ஈயம் மாதிரிக்குள் வந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் பலர் சராசரி எடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். பாட்டர்சன் ஒவ்வொரு மூலத்தையும் தனித்தனியாகத் துரத்தினார். 1952-ல் பிரவுனோடு கால்டெக்குக்கு மாறிய பிறகு தனக்கென ஒரு ஆய்வகத்தைக் கட்டிக்கொண்டார். வடிகட்டிய காற்று உள்ளேயிருந்து வெளியே தள்ளும்படி அழுத்தம் வைத்தார், அமிலங்களை அங்கேயே மறுபடி மறுபடி காய்ச்சி வடித்தார், பாத்திரங்களை நாள்கணக்கில் அமிலத்தில் ஊறவைத்தார். இன்று சுத்த அறை என்று நாம் சொல்லும் ஏற்பாட்டின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. அந்த உழைப்பின் பலனாக விண்கல் ஈயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-ல் வெளியிட்டார். அந்த எண் இன்றும் நிற்கிறது. பாடப்புத்தகங்கள் அவரை இதற்காகத்தான் நினைவு வைத்திருக்கின்றன. மூச்சு விடும் மனிதர்களுக்கு அவர் செய்த பெரிய வேலை இதற்கு அப்புறம்தான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

பாறையில் இவ்வளவு குறைந்த ஈயத்தை அளக்கத் தெரிந்தவருக்குக் கடல்நீரையும் அளந்து பார்க்கத் தோன்றியது. தட்சுமோட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளரோடு சேர்ந்து பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது: ஆழ்கடலைவிட மேற்பரப்பில் ஈயம் பல மடங்கு அதிகம். மேல்நீர் ஆழத்தோடு முழுதாகக் கலக்கப் பல நூற்றாண்டுகள் ஆகும். அப்படியானால் மேலே இருக்கும் ஈயம் அண்மையில் வந்தது, அதுவும் மேலிருந்து, அதாவது காற்றிலிருந்து வந்தது. கலிஃபோர்னிய மலைப் பனியிலும் எதிர்பாராத அளவுக்கு ஈயம் இருந்தது. 1963-ல் இதை வெளியிட்டபோது அவர்கள் சந்தேகித்த மூலம் பெட்ரோல். அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்தவர்களில் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமும் ஒன்று. அந்தப் பணம் நின்றது. பொதுச் சுகாதாரத் துறையுடன் இருந்த ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை.

எதிர்த்தரப்பின் வாதம்

பெட்ரோலில் ஈயம் எதற்கு என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். பழைய எஞ்சின்களில் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்னால் வெடித்துத் தட்டும். அதைத் தடுக்க 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்க்லி கண்டுபிடித்த ஈயக் கூட்டுப்பொருள் டெட்ரா எத்தில் லெட். ஒரு காலனுக்குச் சில கிராம் போதும். 1923-ல் விற்பனைக்கு வந்தது. 1924-ல் நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் ஈய நஞ்சேறி, மனம் பிறழ்ந்து இறந்தார்கள். கொஞ்ச காலம் விற்பனை நின்றது. 1926-ல் மறுபடி தொடங்கியது. இதே மிட்க்லிதான் பின்னர் குளிர்பதனப் பெட்டிகளுக்கான குளோரோஃபுளோரோகார்பனையும் உருவாக்கினார். வடதுருவப் பனியில் படிந்த ஈயம், தென்துருவத்துக்கு மேலே ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டை ஆகிய இரண்டின் வேரும் ஒரே மனிதரின் மேஜைக்குப் போகிறது.

ஈயப் பெட்ரோலுக்காகப் பேசிய மருத்துவ அறிஞர் ராபர்ட் கீஹோ. சின்சினாட்டியில் கெட்டரிங் ஆய்வகத்தின் தலைவர், டெட்ரா எத்தில் லெட் விற்ற எத்தில் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர். நாற்பது ஆண்டுகள் ஈயம் பற்றிய மருத்துவக் கருத்து இவர் கையில்தான் இருந்தது. இவரை வெறும் கூலிக்காரர் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. நிறைய அளந்தவர், கவனமாக எழுதியவர். அவருடைய வாதத்தின் ஓட்டை வேறிடத்தில் இருந்தது. வண்டிகளே இல்லாத மெக்சிகோ கிராமத்து மக்களை அளந்தார். அவர்கள் உடலிலும் ஈயம் இருந்தது. ஆகவே ஈயம் மனித உடலுக்கு இயற்கையானது என்று முடிவு கட்டினார். அந்த மக்கள் சாப்பிட்டதோ ஈயம் கலந்த மெருகு பூசிய மண்பாத்திரங்களில். ஒப்பிட எடுத்துக்கொண்ட கூட்டமே மாசுபட்டிருந்தது. அதை வைத்து மற்றவர்களை அளந்தால் எல்லோரும் சரியாகத்தான் தெரிவார்கள்.

பாட்டர்சன் 1965-ல் எழுதிய நீண்ட கட்டுரை இந்த இடத்தைத்தான் அடித்தது. அன்றைய அமெரிக்கரின் உடலில் இருந்த ஈயம் இயற்கை அளவைப் போலச் சுமார் 100 மடங்கு என்று அவர் கணக்கிட்டார். அந்தக் கட்டுரை மதிப்பீட்டுக்குக் கீஹோவிடமே போனது. வெளியிடலாம் என்றுதான் அவர் எழுதினார். பாட்டர்சன் தன் குறைகளை ஊரறியக் காட்டிக்கொள்ளட்டும், பிறகு மறுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். உண்மையில் பாட்டர்சனின் 100 மடங்கு அப்போதைக்கு ஒரு கணக்கு மட்டுமே. பாறை, மண், ஆறு, கடல் இவற்றின் வேதியியலிலிருந்து ஊகித்த எண். நேரில் காட்ட ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

ஏன் துருவம்

புகைக்குழாயிலிருந்து வரும் ஈயத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிட, அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. பெரிய தூசு சாலையோரத்திலேயே விழுந்துவிடும். இவை நாள்கணக்கில், சில சமயம் ஓரிரு வாரம் காற்றில் மிதக்கும். அதற்குள் காற்று கண்டம் தாண்டிவிடும். பனிப் படலத்தின் மேல் விழும் ஒவ்வொரு பனித்துகளும் வரும் வழியில் இவற்றைத் துடைத்து எடுத்துக்கொண்டுதான் இறங்குகிறது. கிரீன்லாந்தின் உட்பகுதியில் பனி உருகுவது அரிது. ஒரு வருடத்துப் பனிமேல் அடுத்த வருடத்துப் பனி படிந்து, அடுக்கடுக்காக இறுகிப் பனிக்கட்டி ஆகிறது. கோடைப் பனிக்கும் குளிர்காலப் பனிக்கும் வேறுபாடு இருப்பதால் அடுக்குகளை எண்ணி ஆண்டு சொல்ல முடியும். எனவே 1750-ம் ஆண்டின் காற்று வேண்டுமென்றால் 1750-ம் ஆண்டின் அடுக்குக்குப் போனால் போதும்.

போவது சுலபமில்லை. அமெரிக்க ராணுவம் வடமேற்கு கிரீன்லாந்தில், தூலே விமானத் தளத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, பனிக்கு அடியில் கேம்ப் செஞ்சுரி என்று ஒரு முகாம் வைத்திருந்தது. அணு உலையால் மின்சாரம் பெற்ற முகாம் அது. அங்கே பனிக்குள் இறங்கும் சுரங்கப் பாதைகள் இருந்ததால் பழைய அடுக்குகளை எட்ட முடிந்தது. அண்மைக்கால அடுக்குகளுக்கு முகாமின் பக்கத்துப் பனி உதவாது, ஏனென்றால் வண்டியும் எஞ்சினும் மனித நடமாட்டமும் அதைக் கெடுத்திருக்கும். எனவே குழு முகாமிலிருந்து வெகு தூரம், காற்று வரும் திசையில் போய், யாரும் மிதிக்காத இடத்தில் குழி வெட்டியது. தென்துருவப் பக்கம் அண்டார்டிகாவில் அமெரிக்காவின் பேர்ட் ஆய்வு நிலையத்துக்கு அப்பால் இதே வேலை.

குழிக்குள் இறங்கியவர்கள் சுத்தமான மேலுடையும் பிளாஸ்டிக் கையுறையும் போட்டிருந்தார்கள். அமிலத்தில் கழுவிய கருவிகளால் பனியைக் கட்டிகளாக அறுத்து, அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் கலன்களில் போட்டு உருக்கினார்கள். உறைபனிக் குளிரில், தும்மினால்கூட மாதிரி கெடும் என்ற கவலையோடு இதைச் செய்வது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் தேடிய அளவு என்ன தெரியுமா? ஒரு கிலோ பனியில் 0.001 மைக்ரோகிராம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள ஏரியில் ஒரே ஒரு கிராம் ஈயத்தைக் கரைத்தால் வரும் செறிவு அது. அதனால்தான் கைப்பிடிப் பனி போதவில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் பல கிலோ பனி வேண்டியிருந்தது.

அளக்கும் முறைக்கு ஐசோடோப்பு நீர்ப்பு என்று பெயர். ஈயத்துக்கு இயற்கையில் நான்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் மாறுபட்ட அணு வகைகள் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் செறிந்த ஈயத்தை, எடை தெரிந்து, உருகிய பனிநீரில் கலந்துவிடுவார்கள். பிறகு ஈயத்தைப் பிரித்தெடுத்து அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானியில் வைத்து ஐசோடோப்புகளின் விகிதத்தைப் பார்த்தால், முதலில் பனியில் எவ்வளவு இருந்தது என்று கணக்குப் போடலாம். இதில் ஒரு பெரிய வசதி: பிரித்தெடுக்கும்போது பாதி ஈயம் வீணாகப் போனாலும் விகிதம் மாறாது, விடை சரியாகவே வரும். ஆனால் வெளியிலிருந்து துளி ஈயம் உள்ளே வந்தால் இந்த முறையால் ஒன்றும் செய்ய முடியாது. இழப்பைத் தாங்கும், கலப்படத்தைத் தாங்காது. எனவே பாட்டர்சன் குழு வெற்று மாதிரிகளை அளந்தது. கலன், அமிலம், தண்ணீர், கையுறை, அறைக் காற்று என்று ஒவ்வொரு படியும் தன் பங்குக்கு எவ்வளவு ஈயம் சேர்க்கிறது என்று தனியாகக் கண்டு கழித்தார்கள்.

உலகின் பல ஆய்வகங்கள் அப்போது ஈயத்தை அளந்துகொண்டிருந்தன. கருவிகள் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் தங்கள் கையிலிருந்து எவ்வளவு ஈயம் உள்ளே போகிறது என்பதை அவை பெரும்பாலும் அளக்கவே இல்லை. கடல்நீரிலும் மீனிலும் உணவிலும் ஈயம் இவ்வளவு என்று பதிவான எண்களில் கணிசமானவை உண்மையில் அந்தந்த ஆய்வகத்துத் தூசின் அளவுகள். தவறான எண்கள் எல்லாமே அதிகப் பக்கம் சாய்ந்ததால், ஈயம் எங்கும் இயற்கையாகவே நிறைய இருக்கிறது என்ற வாதத்துக்கு அவை தெரியாமலே துணை போயின. இந்த வழக்கில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள்.

பனி சொன்ன எண்கள்

கிரீன்லாந்தில் கி.மு. 800 அளவிலான பனியில் கிலோவுக்கு 0.001 மைக்ரோகிராமுக்கும் குறைவு. 1965 அளவில் 0.200-க்கும் மேல். அதாவது 200 மடங்குக்கு மேற்பட்ட ஏற்றம். தொழிற்புரட்சியோடு கோடு ஏறத் தொடங்குகிறது. உருக்காலைகளின் புகை அது. 1940-க்குப் பிறகு கோடு செங்குத்தாகிறது. அண்டார்டிகாவில் 1940-க்கு முன் அவர்களால் அளக்கவே முடியாத அளவு, பிறகு சுமார் 0.020.

வடக்கைவிடத் தெற்கில் பத்தில் ஒரு பங்குதான் என்பதைத் தொழில்துறை தனக்குச் சாதகமாகப் பார்க்கலாம். உண்மையில் அது எதிராகத்தான் பேசுகிறது. ஈயப் பெட்ரோலில் பெரும்பங்கு வட அரைக்கோளத்தில்தான் எரிந்தது. நிலநடுக்கோட்டைத் தாண்டி இரு பக்கக் காற்றும் கலக்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். ஈயத் துகளின் ஆயுளோ சில நாள்கள். எனவே வடக்கில் விட்ட புகை வடக்கிலேயே விழ வேண்டும். விழுந்திருந்தது.

எரிமலைச் சாம்பலோ, புழுதிக் காற்றோ, கடல் உப்போ ஈயத்தைக் கொண்டுவந்திருக்கலாமே என்ற கேள்வி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே பனியில் சோடியம், கால்சியம் போன்றவற்றையும் அளந்து, கடல் உப்பும் மண்தூசும் எவ்வளவு என்று கணக்கிட்டிருந்தார்கள். ஈயத்தின் ஏற்றத்தை அவற்றைக் கொண்டு விளக்க வழியில்லை. கட்டுரையின் தலைப்பிலேயே மாசு ஈயம், நிலத் தூசு, கடல் உப்பு மூன்றும் இருக்கின்றன. தன் முடிவைக் கவிழ்க்கக்கூடிய மாற்று விளக்கங்களை மற்றவர்கள் சொல்லும்முன் தானே அளந்து வைத்துவிட்ட இந்த முன்யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

பனிக்கும் சட்டத்துக்கும் நடுவில்

1966 ஜூனில் செனட்டர் எட்மண்ட் மஸ்கி நடத்திய காற்று மாசு விசாரணையில் கீஹோவும் பேசினார், பாட்டர்சனும் பேசினார். ஈயத்தை விற்கும் துறையின் ஆய்வை நம்பி அரசு பொதுச் சுகாதாரத்தை முடிவு செய்வது தவறு என்று பாட்டர்சன் நேருக்கு நேர் சொன்னார். ஆனால் 1971-ல் தேசிய ஆராய்ச்சிக் குழு காற்றிலுள்ள ஈயம் பற்றி ஒரு நிபுணர் குழு அமைத்தபோது அதில் அவருக்கு இடமில்லை. உலகிலேயே ஈயத்தைச் சரியாக அளக்கத் தெரிந்தவரை விட்டுவிட்டு ஈயம் பற்றி அறிக்கை எழுதினார்கள். 1978-ல் அமைந்த இன்னொரு குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் மென்மையாக எழுதிய அறிக்கையோடு ஒத்துப்போக முடியாமல் 78 பக்கத்துக்குத் தனி மாற்றுக் கருத்து எழுதி இணைத்தார்.

பனி ஆய்வு தனியாகவே ஈயத்தைப் பெட்ரோலிலிருந்து வெளியேற்றியது என்று சொல்வது மிகை. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களுக்குப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. ஈயம் அதன் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோல் கட்டாயமானது. எஞ்சினுக்குள் ஒரு உலோகத்தைக் காப்பாற்ற முதல் கதவு திறந்தது. குழந்தைகளின் மூளைக்கான கதவு அதற்குப் பக்கத்தில், மெதுவாகத் திறந்தது. குழந்தைகளின் பால் பற்களில் ஈயத்தை அளந்து அறிவுத்திறன் குறைவோடு தொடர்புபடுத்திய ஹெர்பர்ட் நீடில்மேனின் ஆய்வு 1979-ல் வந்தது. 1976-க்கும் 1980-க்கும் இடையே அமெரிக்கர்களின் சராசரி ரத்த ஈயம் 37 சதவீதம் குறைந்தது. பெட்ரோல் ஈயத்தின் வரைகோடும் ரத்த ஈயத்தின் வரைகோடும் சேர்ந்தே இறங்கின. 1986-ல் பெட்ரோல் ஈயம் மிகக் குறைந்த வரம்புக்குக் கொண்டுவரப்பட்டது. சாலை வண்டிகளுக்கு முழுத் தடை 1996 ஜனவரியில். பாட்டர்சன் 1995 டிசம்பரில் இறந்துபோயிருந்தார்.

தன் எண்ணையே திருத்தியவர்

1969-ன் எண்கள் எல்லாம் அப்படியே நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு முழுமை பெறாது. துளையிட்டு எடுக்கும் பனித்தண்டுகளின் வெளிப்புறம் துளைக்கருவியாலும் துளைக்குள் ஊற்றும் திரவத்தாலும் கடுமையாக மாசுபடுகிறது என்பதை இங் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பாட்டர்சன் 1981-ல் காட்டினார். அவர்கள் தண்டை வெளியிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காகச் செதுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் தனியாக அளந்தார்கள். உள்ளே போகப் போக ஈயம் குறைந்து, மையத்துக்கு அருகே ஒரே அளவில் நின்றால் அந்த எண்ணை நம்பலாம். மையம்வரை குறைந்துகொண்டே போனால் அந்த மாதிரியைத் தள்ளிவிட வேண்டியதுதான். இந்த வழியில் பழைய பனியின் ஈயம் கிலோவுக்குச் சுமார் ஒரு நானோகிராம் (0.001 மைக்ரோகிராம்) என்று உறுதியானது.

கிரீன்லாந்தின் பெரிய சித்திரம் தப்பித்தது. அண்டார்டிகாவின் எண்களோ திருத்தம் கண்டன. பிரெஞ்சு ஆய்வாளர் குளோட் புத்ரோனும் பாட்டர்சனும் 1980களில் மறுபடி அளந்தபோது அங்கே அண்மைப் பனியில் இருந்த ஈயம் 1969-ல் சொன்னதைவிடக் கணிசமாகக் குறைவு என்று தெரிந்தது. அவ்வளவு கவனமாக எடுத்த மாதிரிகளிலும் மாசு நுழைந்திருந்தது. எதிரிகள் கண்டுபிடிக்கும்முன் அதைச் சொன்னவர்களில் பாட்டர்சனே ஒருவர். பனியுகத்தில் தூசு அதிகம் பறந்ததால் இயற்கை ஈயமே பல மடங்கு கூடியிருந்தது என்பதையும் இதே இருவர் வெளியிட்டார்கள். இயற்கை அளவு எல்லாக் காலத்துக்கும் ஒரே எண் இல்லை என்ற அந்தத் தகவலை எதிர்த்தரப்பு பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தெரிந்தேதான் வெளியிட்டார்கள்.

அதற்கு அப்புறம் வந்த ஆய்வுகள் இந்த முறையின் மேல் கட்டியவை. 1991-ல் புத்ரோன் குழு, 1960களின் இறுதியிலிருந்து கிரீன்லாந்துப் பனியில் ஈயம் 7.5 மடங்கு குறைந்துவிட்டது என்று காட்டியது. சட்டம் போட்டதும் பனி சுத்தமாகத் தொடங்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 1993-ல் ஈய ஐசோடோப்புகளின் விகிதத்தை வைத்து, அமெரிக்க ஈயம் எது, ஐரோப்பிய ஈயம் எது என்று பிரித்துப் பார்த்தார்கள். இரு கண்டங்களும் பயன்படுத்திய தாதுக்களின் புவியியல் வயது வேறு என்பதால் இது சாத்தியமானது. 1994-ல் பாட்டர்சனும் பங்கேற்ற கட்டுரை, கி.மு. 500 முதல் கி.பி. 300 வரை கிரேக்க, ரோமானியச் சுரங்கங்களின் புகை கிரீன்லாந்துப் பனியில் ஈயத்தை இயற்கை அளவைப் போல நான்கு மடங்காக்கியிருந்ததைக் கண்டது. வெள்ளிக்காக ஈயத் தாதுவைத் திறந்த உலையில் உருக்கிய காலம் அது.

தெற்கிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. ஜோசப் மெக்கானல் தலைமையில் 2014-ல் வெளியான ஆய்வு அண்டார்டிகாவின் பல இடங்களிலிருந்து எடுத்த பனித்தண்டுகளை ஒப்பிட்டது. அங்கே தொழில்துறை ஈயம் 1889-லேயே வந்து சேர்ந்துவிட்டது. ஐசோடோப்பு ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் தாதுவைக் காட்டியது. அமுன்ட்சென் தென்துருவத்தில் கால் வைத்தது 1911 டிசம்பரில். மனிதன் துருவத்துக்குப் போவதற்கு 22 ஆண்டுகள் முன்னால் அவன் உருக்கிய உலோகம் அந்தக் கண்டத்தை எட்டியிருந்தது.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் வந்தது, இங்கேயும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வைத்த புதிய கார்களுக்காகத்தான். பழைய வண்டிகளும் டூவீலர்களும் அதற்கு அப்புறமும் ஈயத்தைக் கக்கிக்கொண்டுதான் ஓடின. 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது, இலங்கையில் 2002-ல். அதற்கு முன் அண்ணா சாலையிலோ மதுரைத் தெருக்களிலோ புகைக்குள் வளர்ந்த தலைமுறை இன்று நடுவயதில் இருக்கிறது. கிரீன்லாந்துப் பனி 1969-லேயே சொல்லிவிட்ட ஒன்றுக்கு நாம் முப்பது ஆண்டு கழித்துச் செவிசாய்த்தோம். அந்த முப்பது ஆண்டுக்கும் எரிபொருள் விலையையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை மாற்றும் செலவையும் காரணம் காட்டுவார்கள். அந்தச் செலவுக்கு ஈடாகக் குழந்தைகள் இழந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

உலகில் கடைசியாக ஈயப் பெட்ரோல் விற்ற நாடு அல்ஜீரியா. 2021 ஜூலையில் அங்கே கையிருப்பு தீர்ந்தது. ஆனால் சாலையில் நின்ற ஈயம் வானத்தில் இன்னும் முழுதாக நிற்கவில்லை. சிறிய பிஸ்டன் விமானங்களுக்கான எரிபொருளில் டெட்ரா எத்தில் லெட் இருக்கிறது. அது பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முறைப்படி அறிவித்ததே 2023 அக்டோபரில்தான். தாது உருக்கும் ஆலைகளும், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறைகளும் வேறு. மெக்கானல் குழுவின் கணக்குப்படி 130 ஆண்டுகளில் அண்டார்டிகாவின் மேல் படிந்த தொழில்துறை ஈயம் சுமார் 660 டன். பெட்ரோல் ஈயம் பெரும்பாலும் ஒழிந்த பிறகும் அங்கே விழும் பனியில் ஈயம் தொழில்மயத்துக்கு முந்தைய அளவைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு இருக்கிறது.